அப்பாவின் வலது கால்

என் அப்பா யாக்கோப்பைப் பற்றி எங்கள் கரையில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனிசன் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். தங்கமான மனிசனோடு ஒரே வீட்டில் சீவிப்பது எவ்வளவு கரைச்சல் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அவருடைய மகள் அஞ்சலா. நாற்பத்திரண்டு வயதாகிறது, கலியாணம் கட்டவில்லை, அப்பாவை விட்டால் எனக்கும் என்னை விட்டால் அவருக்கும் ஆளில்லை.

ஊர்காவற்துறைக்குக் கிட்ட, கடல் பின்வளவு வரைக்கும் வருகிற இடத்தில் எங்கள் வீடு. அப்பா களங்கண்ணித் தொழிலாளி. ஆழமில்லாத கடலில் தடிகளை நட்டு, வலையைச் சுற்றிக் கட்டிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் அதற்குள் அகப்பட்ட மீனை அள்ளிவருகிற தொழில். வள்ளக்காரருக்குக் கை உழைக்கும். அப்பாவுக்குக் கால்தான் உழைத்தது.

இளமையில் அவர் பொல்லாத குடிகாரர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எல்லோரும் எங்கள் தீவை விட்டு ஓடி, யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாகக் கிடந்த காலத்தில், தியானம் கொடுக்க வந்த கத்தோலிக்கச் சுவாமியார் ஒருவர் மனிசரின் உடம்பு ஆண்டவர் குடியிருக்கிற வீடு, அதை அசிங்கப்படுத்தாதேயுங்கோ என்று பிரசங்கம் வைத்தாராம். மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கஞ்சி வாங்க வரிசைக்குப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் அதைப் பிடித்த பிடியாகப் பிடித்துக்கொண்டார். வீடு வாசலை விட்டுவந்த மனிசனுக்கு, தன் தோலுக்குள்ளேயே ஒரு வீடு இருக்கிறது என்ற கதை பிடித்துப் போயிருக்கும் என்று அம்மா சொல்லுவா. அன்றோடு சாராயம் இல்லை, சுருட்டு இல்லை, தூஷணம் இல்லை. ஞாயிறு பூசைக்கு முன் நகத்தை வெட்டி, காதுக்குள்ளும் துடைத்து, கலியாண மாப்பிள்ளை தோற்றுப்போவான், அப்படி வெளிக்கிடுவார்.

ஆனால் சீனியைப் பற்றி அந்தச் சுவாமியார் ஒன்றும் சொல்லவில்லை. சாராயம் போன இடத்துக்குத் தேத்தண்ணீர் வந்தது. குடிக்கிறாரா சீனியைக் கரைத்துச் சாப்பிடுகிறாரா என்று தெரியாத அளவுக்குப் போடுவார். சீனிப் போத்தலை ஒளித்து வைத்தால் பனங்கட்டியைத் தேடிப் பிடிப்பார். இரத்தத்தில் சீனி ஏறிச் சீனி வருத்தம் வராமல் என்ன செய்யும்? அம்மா போய்ச் சேர்ந்து, தம்பி அன்ரனிதாஸ் பிரான்ஸுக்குப் போன பிறகு, அவரோடு மல்லுக்கட்ட நான் ஒருத்திதான் மிச்சம்.

போன வருடம் மாரிக்கு முன், தொழிலுக்குப் போன இடத்தில் மட்டி ஓடு ஒன்று அவருடைய வலது உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. சீனி வருத்தக்காரரின் காலுக்கு நோவு தெரியாது. நான் சமைக்கிற குசினி முழுக்க இரத்தத் தடத்தைக் கண்டு கத்தியது நான்தான். அவர் குனிந்து பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீர் பட்டால் காய்ந்துவிடும் என்று அடுத்த நாளும் கடலுக்குப் போனார். காயவில்லை.

அதற்குப் பிறகு என் சீவியம் அந்தக் காலைச் சுற்றித்தான் ஓடியது. கருவாட்டுக்கு மீன் வெட்டி, உப்புப் போட்டு, வெயிலில் பரப்பிவிட்டு ஓடிவந்து, துணியை அவிழ்த்து, சீழைத் துடைத்து, மருந்து கட்டுவேன். பின்னேரம் திரும்பவும் அதே வேலை. கிளினிக்குக்கு அவரைத் தாங்கித் தாங்கி, இடுப்புக்குப் பின்னால் என் நாரி விட்டுப்போனது. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அந்தச் சீழ் மணம் கையை விட்டுப் போகாது, சோற்றைப் பிசைந்தாலும் மணக்கும். பூசையில் ஒருவருக்குப் பக்கத்தில் இருக்கக் கூச்சப்பட்டு, கோவிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது அப்பாவுக்கு எப்படி என்றுதான்.

விரல்கள் கறுத்துக் காய்ச்சலும் வந்தபோது யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டேன். டொக்டர் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும், எடுக்காவிட்டால் நஞ்சு ஏறி ஆளையே கொண்டுபோய்விடும் என்றார். எடுத்த காலை என்ன செய்வீர்கள் என்று அப்பா கேட்டார். எரிப்பது வழக்கம் என்றார்கள். அப்படியென்றால் வெட்ட விடமாட்டேன் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அவருடைய நியாயம் இதுதான். எங்கள் கோவிலைத் திருத்திக் கட்டியபோது, பழைய பீடத்தின் உடைந்த கல்லைக் கண்டபடி எறியவில்லை. எங்கள் சனத்தை அடக்கம் செய்கிற சேமக்காலையிலேயே செபம் சொல்லி, குழிக்குள் தாட்டார்கள். கிடங்கு வெட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். கல்லுக்கே அந்த மரியாதை என்றால், ஆண்டவர் இருந்த காலுக்கு மட்டும் என்ன குறைச்சல்?

எங்கள் சுவாமியார் வந்து, ஒரு கால் போனதற்காக ஆண்டவர் வெளிக்கிட்டுப் போய்விடமாட்டார் என்று சொல்லிப் பார்த்தார். அது தனக்கும் தெரியும், ஆனால் அவர் இருந்த இடத்தைக் குப்பையோடு எரிக்க விடுவது சரியோ என்று அப்பா திருப்பிக் கேட்டார். சுவாமியார் யோசித்துவிட்டு, வீட்டு ஆட்கள் கையெழுத்து வைத்துக் கேட்டால் காலைத் தருவார்களாம், கொண்டுவந்தால் சேமக்காலையில் நானே அடக்கம் செய்வேன் என்றார். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

கொண்டுவர வேறு யார் இருக்கிறார்கள்? வெட்டிய காலை வைத்துக்கொண்டு பண்ணைப் பாலத்தால் தீவுக்குப் போகிற கோலத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அருவருப்பாகவும் வெட்கமாகவும் இருந்தது. ஏலாது என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அப்பாவும் இறங்கி வரவில்லை, நானும் இறங்கி வரவில்லை. காய்ச்சல்தான் ஏறிக்கொண்டு போனது.

ஒரு நாள் காலை டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்றைக்கும் விட்டால் வெட்டியும் பயனில்லை என்றார். கட்டிலடிக்குப் போனேன். அப்பா முகம் சாம்பல் பூத்து, செபமாலையை உருட்டிக்கொண்டு கிடந்தார். அந்த அமைதியைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆண்டவற்ற வீடு, ஆண்டவற்ற வீடு எண்டு சொல்லுறீங்கள். அந்த வீட்டுச் சீழை இவ்வளவு நாளும் துடைச்சது ஆர்? என்ர நாரி முறிஞ்சு கிடக்கு. ருசியா ஒரு பிடி சோறு திண்டு எத்தினை மாசம். எனக்கும் அதே கோவில்லதான் ஞானஸ்நானம் தந்தவை. உங்கட உடம்பு ஆண்டவற்ற வீடெண்டால், என்ர உடம்பு என்ன, வாடகை வீடோ?”

வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்த என் கைகளைப் பார்த்தார். மீன் முள் கீறி, உப்பு அரித்து, மருந்துத் தண்ணீரில் தோல் உரிந்த கைகள். முதல் தடவையாகக் காண்கிற மாதிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெட்டச் சொல்லு, பிள்ளை. எரிக்கிறதெண்டால் எரிக்கட்டும். நீ காவிச் சுமந்தது காணும், இனிப் போதும்.”

நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. சாகப்போகிறேன் என்று தெரிந்தும் விடாத பிடிவாதத்தை அந்த மனிசன் எனக்காக விட்டுவிட்டார் என்பதைத் தாங்க ஏலாமல் இருந்தது. அவரை ஒப்பரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போன பிறகு, நான் நேர்ஸிடம் போய்க் கையெழுத்து எங்கே வைக்கவேண்டும் என்று கேட்டேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை.

தடித்த பொலித்தீனில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்துத் தந்தார்கள். கிளினிக்குக்கு எங்களை ஏற்றிப் பழகிய வேலணைச் சசிகரனை ஓட்டோவோடு வரச் சொல்லியிருந்தேன். சைவ சமயப் பெடியன். மறைத்து ஏற்ற மனம் வராமல், பெட்டிக்குள் இருப்பது என்ன என்று சொன்னேன். ஐயாவின்ர கால்தானே அக்கா, ஏறுங்கோ என்றுவிட்டு, ஓட்டோவில் போய்க்கொண்டிருந்த பாட்டை நிற்பாட்டினான்.

பெட்டி நான் நினைத்ததைவிடப் பாரம். முதலில் காலடியில் வைத்தேன். அதில் வெயில் படுகிறது என்று தூக்கி மடியில் வைத்தேன். பள்ளம் வரும்போதெல்லாம் நோகப்போகிறது என்று அணைத்துப் பிடித்தேன், பிறகுதான் என்ன விசரி நான் என்று எனக்கே விளங்கியது. மண்கும்பானில் தொடங்கிய அழுகை வேலணை தாண்டியும் நிற்கவில்லை. பாசத்தில் அழுதேன் என்று சொன்னால் பொய். களைப்பில் அழுதேன். இவ்வளவு மாதமும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் சின்னக் கிடங்கு ஒன்று வெட்டி வைத்திருந்தார்கள். சுவாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஒரு காலத்தில் வெறியில் தள்ளாடி எங்கள் வாசலுக்கு வந்த கால். பிறகு எங்கள் எல்லோருக்கும் சோறு போட்ட கால். அதன் ஒவ்வொரு வெடிப்பும் எனக்குத் தெரியும். ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, சுவாமியார் என் தலையிலும் கைகளிலும் தீர்த்தத்தைத் தெளித்தார். நான் கேட்கவில்லை. உமக்கும்தான் அஞ்சலா என்றார்.

அடுத்த நாள் பார்வை நேரத்துக்குப் போனேன். அப்பா தலையணையில் சாய்ந்து கிடந்தார். போர்வை ஒரு பக்கம் பாதம் வரைக்கும் உயர்ந்தும், மற்றப் பக்கம் முழங்காலோடு தட்டையாகியும் இருந்தது. காலைப் பற்றி அவர் கேட்கவில்லை. எரித்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தாயிற்று என்று நானே சொன்னேன்.

“ஆர் காவினது?”

“நான்தான்.”

“பாரமோ?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “ஓம் அப்பா. நல்ல பாரம்.”

அவர் தலையை ஆட்டினார். கண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது, துடைக்கவில்லை. பிறகு கையை நீட்டி, கால் இல்லாத அந்த இடத்தைக் காட்டினார்.

“இதில தலையை வை, பிள்ளை. இடம் இருக்கு.”

வார்டில் இருந்த எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, அந்த வெறும் இடத்தில் தலையைச் சாய்த்தேன். பார்வை நேரம் முடிந்து நேர்ஸ் வந்து தட்டி எழுப்பும்வரைக்கும் நித்திரை கொண்டேன்.