நாற்பத்தேழாம் எண் யாருடையது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கம்பெனியின் சிரம்பான் அலுவலகத்தில் நான் சிஸ்டம்ஸ் அதிகாரி. எல்லா ரப்பர் எஸ்டேட்டுகளுக்கும் பொதுவாக ஒரே தொழிலாளர் பதிவேட்டைக் கணினியில் அமைத்தோம். வேலை நாளும் சம்பளமும் பதியும் செக்ரோல், கிளினிக், வீட்டுப் பிரிவு எதுவும் தனிப் பட்டியல் வைக்கக் கூடாது. தொழிலாளர் எண்ணைத் தட்டினால் மோடம் வழியே விவரம் வரும். ‘பொதுச் சேவை’ என்று பெயரிட்டோம்.

லாபு பக்கத்து எஸ்டேட்டில் மட்டும் இழுபறி. அங்கே தலைமை எழுத்தரான பெரிய கிராணி பெருமாள் போனில் கேட்டார்: “எங்க வழக்கம் தெரியாம நீங்களே செஞ்சிட்டா எப்படி சார்? ஒரு தடவ வந்து உக்காந்து பேசுங்க லா.”

“எல்லாம் சர்க்குலர்ல இருக்கு, படிங்க” என்றேன். கிளினிக்கின் பழைய அட்டைகளைப் பூட்டி வைக்கச் சொன்னதும் அதே சர்க்குலர்தான். கையெழுத்து என்னுடையது.

சேவை தொடங்கிய இரண்டாம் வாரம், காலை பதினொன்றே கால். அந்த எஸ்டேட்டின் கிளினிக்கில் திரையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பால்மரம் சீவும் சரசு, காலில் சீழ் பிடித்த காயத்தோடும் காய்ச்சலோடும் வந்தாள். அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் தங்கையா அவளுடைய எண் நாற்பத்தேழைத் தட்டினார். சரசுவின் பெயர் வந்தது. ‘பெனிசிலின்: முன்பு போட்டது. ஒவ்வாமை இல்லை.’

அவர் ஊசியில் மருந்தை ஏற்றினார்.

“மெதுவா போடுங்கண்ணே. ஒங்க கை மம்பட்டி மாதிரி.”

“வாய்க்கு மட்டும் காய்ச்சல் வரல பாரு.”

நான் திரையின் கடைசி வரியைப் படித்தேன். வயது 53. எதிரே நின்றவளுக்கு இருபத்தைந்துகூட இராது.

“டிரெஸ்ஸர், நிறுத்துங்க!”

கிராணிக்குப் போன் போட்டேன். “நாப்பத்தேழு அவங்கம்மா நெர சார். அம்மா வேலைய விட்டு நின்னுட்டாங்க, அந்த நெரையில மக எறங்கிடுச்சி. கம்ப்யூட்டர்ல பேர மட்டும் மாத்துனேன். இங்க நம்பர் நெரைக்குத்தான், ஆளுக்கு இல்ல. அதுக்குத்தானே பேச வரச் சொன்னேன்?”

நிரை என்பது ஒருவர் சீவும் மர வரிசை. ஆள் மாறினாலும் அதன் எண் மாறாது. திரையில் இருந்த பெயர் மகளுடையது. மருத்துவக் குறிப்பு தாயுடையது.

பூட்டிய அலமாரியைத் திறந்தோம். சரசு பள்ளியில் படித்த காலத்து அட்டை கிடைத்தது; அப்போது அவள் தொழிலாளி அல்ல என்பதால் அது கணினியில் ஏறவில்லை. சிவப்பு மையில் இரண்டு வரி: ‘பெனிசிலின் கூடாது. மூச்சுத் திணறியது.’

தங்கையா ஊசியைத் தட்டில் வைத்தார். வேறு மருந்து கொடுத்தார்.

“கம்ப்யூட்டரு தப்பா சொல்லுமா சார்?” என்றாள் சரசு.

“நான் கேக்காம விட்டத அது எப்படிம்மா சொல்லும்?”

அன்று பிற்பகலே கிராணி அலுவலகத்துக்குப் போய், அவர் சொல்லச் சொல்லப் புதிய விதிகளை எழுதினேன். எண் ஆளுக்கு உரியது, நிரைக்கு வேறு எண், கிராணியும் டிரெஸ்ஸரும் ஒப்புக்கொள்ளாமல் எந்தப் பதிவையும் மாற்றக் கூடாது. அதன்பின் எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும் மோடத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன் கிராணியிடம் கேட்பேன்: “இங்க நம்பர் யாருக்கு?”