புதுச்சத்திரத்தில் ஒரு மாலை மரியாதை

ஒன்பதாவது படித்தபோது எங்களுக்குச் சமூகப் பாடம் எடுத்த ஆசிரியர் சேலம் டவுன்காரர். நோக்கமில்லாமல் கூடி நிற்பது கூட்டம், ஒரே நோக்கத்தோடு சேர்ந்து இயங்குவது குழு என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். எங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. வெறுத்துப்போய் ஒருநாள் எங்களைப் புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு நடத்திக்கொண்டு போனார்.

"பஸ்ஸுக்கு நிக்கிறவங்களைக் கவனிங்க. இது கூட்டமா, குழுவா? யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

சாலையோரம் வரிசையாக நின்று கவனித்தோம். கொஞ்ச நேரத்தில் அவர்கள் எங்களைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். டீக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, யாருங்க வாராங்க?"

ஆசிரியர் உதட்டில் விரலை வைத்தார். அவ்வளவுதான். பெயரைக்கூட வெளியே சொல்ல முடியாத பெரிய ஆள் வருகிறார் என்று டீக்கடைக்காரர் முடிவு செய்துவிட்டார். மந்திரி என்று நாலு பேரிடம் சொல்ல, யாரோ சாலைக்குத் தண்ணீர் தெளித்தார்கள். கோயிலுக்குக் கட்டி வைத்திருந்த செவ்வந்தி மாலையும் வந்து சேர்ந்தது.

சேலத்திலிருந்து பஸ் வந்து நின்றது. தண்ணீர் குடிக்க ஒரு பெரியவர் மட்டும் இறங்கினார். வேட்டி வெள்ளையாக இருந்தது. அது போதாதா? கழுத்தில் மாலை விழுந்தது. நாங்களும் கைதட்டினோம். அவர் கொஞ்சமும் அசராமல் கும்பிட்டார்.

"எல்லாரும் நல்லா இருக்கோணும் சாமி!"

அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

"ஐயோ, என்ற ஊட்டுக்காரி பஸ்ஸுல போறாளுங்க!"

நின்றிருந்த அத்தனை பேரும் பஸ்ஸின் பின்னால் ஓடினோம். எட்டவில்லை. நாமக்கல் பக்கம் போன லாரியை மறித்து, மாலையோடு அவரைத் தூக்கி ஏற்றினார்கள். ஆசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூச்சிரைக்கக் கத்தினார்: "பாருங்கடா, இப்பத்தான் இது குழு!"

குழு கலைவதற்குள் எதிர்ப்பக்கத்து பஸ்ஸிலிருந்து ஓர் அம்மாள் இறங்கினார். புருஷனைக் காணாமல் வழியில் இறங்கித் திரும்பி வந்தவர்.

"இங்க தண்ணி குடிக்க எறங்குனவரப் பாத்தீங்களாங்க?"

"பாத்தமுங்க," என்றார் டீக்கடைக்காரர். "மாலை போட்டு அனுப்பி வெச்சுட்டமுங்க."

அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"அழுவாதீங்கம்மா, நாலு பேரு தூக்கித்தான் லாரியில ஏத்துனோம்."

அழுகை இரண்டு மடங்கானது. சமாதானம் சொல்லப் போன எங்கள் ஆசிரியர், "நாங்க பாடத்துக்காக வந்தோம்மா" என்றார். அந்த அம்மாளுக்குப் பாடம் என்றது பாடையாகக் காதில் விழுந்திருக்க வேண்டும். வைத வசவில் ஆசிரியர் எங்கள் வரிசைக்குள் வந்து நின்றுகொண்டார்.

நல்லவேளை, லாரியில் போய்ப் பிடித்த பஸ்ஸில் மனைவியைக் காணாமல் பெரியவர் அடுத்த பஸ்ஸில் திரும்பினார். மாலையைக் கழற்றவேயில்லை. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தண்ணி குடிக்கப் போனவருக்கு மாலை என்னத்துக்குங்க?"

"போட்டாங்க. வேண்டாமுன்னு எப்படிச் சொல்லுறது?"

அந்த அம்மாள் மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்துக் கொண்டையில் செருகிக்கொண்டார். பரமத்தி வேலூர் பஸ் வந்ததும் அவரை முன்னால் ஏறவிட்டு, பின்னாலேயே காவல் போல ஏறினார்.

நாங்கள் பள்ளிக்கூடம் திரும்பியபோது கணக்கு வகுப்பு முடிந்திருந்தது. சமூகப் பாடம் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.