மூக்கக்கா சொல்லாத காயம்

சோப்பு ஃபாக்டரியில் அவருக்கு மூக்கக்கா என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான், ஆனால் கூப்பிடுகிறவர்கள் குரலில் கொஞ்சம் பயமும் இருக்கும். கொப்பரையில் வெந்து இறங்கும் ஒவ்வொரு கலவையையும் முதலில் அக்கா மோந்து பார்க்க வேண்டும். எண்ணெய் கெட்ட சிக்கு வாடை துளி இருந்தாலும் தலையை ஆட்டிவிடுவார். அப்புறம் மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அது அச்சுக்குப் போகாது. சரியென்று பட்டால் சீட்டில் கையெழுத்துப் போடுவார். பதினாறு வருடம் அந்த மூக்கு சொன்னதுதான் சட்டம்.

மூக்கைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பவுடர் பூசமாட்டார், தலைக்கு வாசனை எண்ணெய் வைக்கமாட்டார், மத்தியானச் சாப்பாட்டில் வெங்காயம் கிடையாது. சளி பிடித்தால் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று லீவு போட்டுவிடுவார். கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகள் எட்டாவது படிக்கிறாள். வீட்டு வாடகை முதல் மகளின் பேனா வரை எல்லாம் அந்த மூக்கு சம்பாதித்ததுதான்.

நான் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. ஊரார் வலியெல்லாம் என் விரல் வழியாக டைப் ஆகிப் போகும். கேட்டதைக் காதோடு விட்டுவிட்டால் இந்தத் தொழிலில் நல்ல பெயர் கிடைக்கும். அந்த நல்ல பெயரை நான் தேவைக்கு மேலேயே வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒருநாள் காலை ஃபாக்டரி முற்றத்தில் சரக்கு லாரி ஒன்று பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் வந்து அக்காவை இடித்துத் தள்ளியது. காறை எலும்பு முறிந்தது. பின்மண்டை சிமெண்டுத் திட்டில் மோதி ஏழு தையல். லாரிக்காரனின் இன்ஷூரன்ஸ் கம்பெனி, கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு காகிதத்தோடு ஆள் அனுப்பியது. அந்தக் காகிதத்தோடுதான் அக்கா எங்கள் ஆபீஸ் படியேறினார்.

எங்கள் வக்கீலம்மாவுக்குப் பொறுமை அதிகம். கட்சிக்காரர்களுக்குப் புரிகிறவரை விடமாட்டார்.

"ஆஸ்பத்திரிச் செலவு ஒண்ணு. வேலைக்குப் போகாத நாளோட சம்பளம் ஒண்ணு. இனிமே முன்ன மாதிரி சம்பாதிக்க முடியாமப் போனா, அது தனி. நீங்க பட்ட வலி, இழந்த சந்தோஷம், அதுக்கும் தனியா கேக்கலாம். அவங்க இப்ப தர்றேன்னு சொல்றது முதல் ரெண்டுக்கு மட்டும்தான்" என்றார்.

"அது போதும் மேடம்."

"போதுமா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம். உடம்புல என்ன கோளாறு இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. முடி கொட்டினாக்கூடச் சொல்லுங்க. ஒரு தடவை கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. நாளைக்கு இடுப்பு வலிக்குது, கண்ணு தெரியலைன்னு வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"வேற ஒண்ணும் இல்ல மேடம். நல்லாத்தான் இருக்கேன்."

அடுத்த வாரம் மருத்துவச் சான்றிதழ் கொடுக்க மறுபடி வந்தார். அன்று எங்கள் ஆபீஸில் இருக்க முடியாத நாற்றம். ஃபைல் அலமாரிக்குப் பின்னால் எலி செத்து இரண்டு நாளாகியிருந்தது. வக்கீலம்மா கோர்ட்டுக்குத் தப்பித்துப் போய்விட்டார், நான் கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அந்த அலமாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் கொடுத்த டீயை நிதானமாகக் குடித்தார். பாதி டம்ளர் காலியான பிறகுதான் என் கைக்குட்டையைக் கவனித்தார். சட்டென்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

நான் டைப் அடிப்பதை நிறுத்தினேன்.

"அக்கா, உங்களுக்கு வாசனை தெரியலையா?"

"ஏன், நல்லாத் தெரியுதே."

"என்ன நாத்தம்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணால் தேடினார். தேடிக் கிடைக்காமல் அழ ஆரம்பித்தார். அடிபட்டுக் கண் விழித்த நாளிலிருந்தே ஒரு வாசனையும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு டப்பாவைத் திறந்து நீட்டி, என்ன வாசனை என்று கேட்டிருக்கிறார். உள்ளே பழுப்பாகப் பொடி இருப்பதைப் பார்த்துவிட்டு, அக்கா காப்பி என்று சொல்லியிருக்கிறார். டாக்டரும் நல்லது என்று எழுதிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் வருது தம்பி. முடி கருகுற வாடை. அடுப்பு அணைஞ்சிருந்தாலும் வருது. பக்கத்து வீடுகள்ல போய், ஏதாவது கருகுதான்னு கேட்டுக் கேட்டு இப்ப யாரும் கதவு திறக்கிறதில்ல. காலையில புள்ளைக்குத் தலை வாரும்போது அவ தலையிலருந்தே வருது. பயந்து போய் சீப்பைக் கீழ போட்டுடறேன். இப்பல்லாம் அவளே வாரிக்கிறா."

"இதைத்தானே வக்கீலம்மா கேட்டாங்க! இதுக்குத்தான் பெரிய தொகை. உங்க பொழைப்பே போச்சேக்கா!"

"சொன்னா அது காகிதத்துல ஏறும். காகிதம் ஃபாக்டரிக்குப் போகும். மறுநாளே என்னை அனுப்பிடுவாங்க. அவன் குடுக்கிறது எத்தனை வருஷத்துக்கு வரும்? மூக்கு திரும்பி வந்துடும் தம்பி, எனக்கு நம்பிக்கை இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

நிஜமாகவே குனிந்துவிட்டார். நான் பதறிப்போய், சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான்கு நாள் கழித்து ஒப்பந்தம் தயாரானது. 'தெரிந்ததும் தெரியாததுமான எல்லாக் காயங்களுக்கும் இதுவே முழுமையான, இறுதியான தொகை' என்ற வரியை நான்தான் டைப் அடித்தேன். வக்கீலம்மா கடைசியாக ஒருமுறை, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். அக்கா இல்லையென்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் வழக்கம்போல நான் போட்டேன்.

மூக்கு திரும்பி வரவில்லை. அக்கா வேலைக்கு மட்டும் திரும்பிப் போனார்.

மூன்று மாதம் எப்படி ஓட்டினார் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். கொப்பரையைக் கிண்டும் கலவைக்காரருக்குச் சிக்கு வாடை வந்தால் அவரறியாமல் மேலுதடு சுருங்கும். அக்கா கலவையின் மேல் குனிந்து மூச்சை இழுப்பார், கண் மட்டும் அந்த உதட்டின் மேல் இருக்கும். உதடு சுருங்கினால் தலையை ஆட்டுவார், சுருங்காவிட்டால் கையெழுத்து. தன் உதடுதான் ஃபாக்டரியை நடத்துகிறது என்று அந்த மனுஷருக்கே தெரியாது.

நான்காவது மாதம் கலவைக்காரருக்குச் சளி பிடித்தது. அவர் அக்கா மாதிரி லீவு போடுகிற ஆள் இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து கிண்டினார். எண்ணெய் கெட்டுப்போயிருந்தது. உதடு அசையவில்லை. அக்கா கையெழுத்துப் போட்டார். அந்தச் சோப்பெல்லாம் கடைகளிலிருந்து வண்டி வண்டியாகத் திரும்பி வந்தது. மேனேஜர், கெட்டது எது என்று முகர்ந்து பார்க்கச் சொல்லி இரண்டு துண்டுகளை அக்கா முன்னால் வைத்தார். இரண்டும் ஒரே நிறம், ஒரே வடிவம். அக்கா நல்லதைத் தொட்டார்.

வேலை போய், அன்று சாயங்காலமே எங்கள் ஆபீஸுக்கு வந்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் வக்கீலம்மாவிடம் சொன்னார். எலி செத்த நாளை மட்டும் சொல்லவில்லை.

வக்கீலம்மா வெகுநேரம் ஒப்பந்தத்தைப் புரட்டினார். "கையெழுத்துப் போட்ட அன்னைக்கு இந்தக் கோளாறு உங்களுக்கே தெரியாம இருந்திருந்தா, மறுபடி கேஸைத் திறக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம். சின்ன வழிதான், ஆனா இருக்கு. கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லணும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவரையும் கூண்டுல ஏத்திக் கேப்பாங்க." என்னைக் காட்டினார். "அவருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருந்து, இல்லைன்னு பொய் சொல்லி மாட்டினா ஜெயில். நெஜத்தச் சொன்னா, தெரிஞ்சும் மறைச்சாருன்னு நானே அவரை வேலையில வெச்சுக்க முடியாது. அதனால யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எப்ப தெரிஞ்சுது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போதே தெரியும் மேடம், தப்பு என் பேரில்தான் என்று.

"அன்னைக்கே தெரியும் மேடம்" என்றார் அக்கா.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லல. மறைச்சது நான் மட்டும்தான்."

வக்கீலம்மா பெருமூச்சு விட்டு ஃபைலைத் தள்ளி வைத்தார். நான் அக்காவின் பின்னாலேயே வாசல் வரை இறங்கிப் போனேன்.

"அக்கா, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உங்களுக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு. ரெண்டு வீட்டு அடுப்பும் அணையணுமா தம்பி?"

கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாடிக் கதவு திறந்துதான் இருந்தது, வக்கீலம்மா உள்ளேதான் இருந்தார், நான் படியேறும்போதுகூட நேரம் இருந்தது. உள்ளே போனதும் வக்கீலம்மா அந்த ஃபைலைக் கட்டி வைக்கச் சொன்னார். கட்டி வைத்தேன்.