சுடாத லைட்டு

நனைந்த மரத்தூளும் கோழி எச்சமும் கலந்த வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். பள்ளி விடுமுறைக்குக் கிள்ளானில் பெரியப்பா வீட்டுக்கு என்னை அனுப்பிய அந்த வருஷக் கடைசியில் மழை விடவே இல்லை. பின்பக்கம் தகரம் போட்ட கோழிக்கூண்டில், அதை "ரெபான்" என்போம், தாயை உடும்புக்குப் பறிகொடுத்த குஞ்சுகள் மரத்தூள் பரப்பிய ஒரு பழப்பெட்டிக்குள், பழைய குண்டு பல்பான "மஞ்ச லைட்டின்" சூட்டில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஒரு காலையில் அந்த லைட் போய்விட்டது. பெரியப்பா வெள்ளை வெளேரென்று ஒரு எல்இடி பல்பை வாங்கி வந்து மாட்டினார். குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கத்தின. நான் பல்புக்குக் கீழே கையை நீட்டிப் பார்த்தேன்.

"பெரியப்பா, இது சுடவே இல்ல. குஞ்சுங்களுக்குக் குளுருது."

"எரியுதுல்ல? எரிஞ்சா சுடாம என்னா செய்யும்?"

"இது எரியல, வெளிச்சம் மட்டுந்தான் வருது!"

"கேளு இவள! ரெண்டெழுத்து சயன்ஸ் படிச்சிட்டு எனக்குக் கோழி வளக்கச் சொல்லித் தர்றா. போ லா, போய் டிவி பாரு."

தமிழில் விளக்கு எரியும். அந்த ஒரு சொல்லை நம்பி மனிதர் குஞ்சுகளை விறைக்கவிட்டார். மத்தியானத்துக்குள் மூன்று செத்தன. "சீக்கு" என்றார். பிறகு வீம்புக்கு, லோரி பழுது பார்க்கும் பெரிய விளக்கை எடுத்துவந்து, பிளாஸ்டிக் கயிற்றில் மரத்தூளை உரசுகிற மாதிரி தொங்கவிட்டார். கயிறு இளகி, தூள் புகையத் தொடங்கியதும் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். "யார கேட்டு கரண்ட புடுங்குன?" என்று கை ஓங்கினார். பெரியம்மா நடுவில் வந்து நின்றார். "வீட்டையே கொளுத்தியிருப்பீங்க!" பெரியப்பா மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போய்விட்டார்.

பெரியம்மா தண்ணீர் சுடவைத்தார். நான் அதைக் கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி, துண்டு சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தேன். சூடு அதிகமானால் குஞ்சு தள்ளிப் போக இடம் வேண்டுமே. ஆற ஆற மாற்றினோம். குவியல் மெல்லக் கலைந்தது. ஒரு குஞ்சு காலை நீட்டிப் படுத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் பெரியப்பா திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். தலைக்குமேல் அந்த எல்இடி வெட்டியாய் மின்னிக்கொண்டிருந்தது. "பாத்தியா? புது லைட்டாலதான் பொழச்சிச்சு."

இன்று ரெபான் இருந்த இடத்தில் கார் நிற்கிறது. மஞ்ச லைட்டைக் கடையில் கேட்டால் பையன் முழிக்கிறான். பெரியப்பாவின் கதை மட்டும் போகவில்லை. போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண விருந்தில், மேசை முழுக்கச் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு, என்னைக் காட்டி ஆரம்பித்தார்: "நான் காப்பாத்துன குஞ்சுங்கள இவ கரண்ட புடுங்கிக் கொல்லப் பாத்தா." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

பெரியம்மா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போத்தல் கட்டுனவ இவ. சுடுதண்ணி வெச்சவ நான். நீங்க கடையில தே குடிச்சிக்கிட்டு இருந்தீங்க."

பெரியப்பா ஒரு வாய் சாதம் மென்று முழுங்கினார்.

"சாம்பாருல உப்பே இல்ல," என்றார்.