கழித்துப் பார்த்த படம்

எங்கள் வானிலை அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'சக்கரம்'. உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு செயற்கைக்கோள் படம் வந்து சேர்வதற்குள் மூன்று முறை ஜன்னலுக்குப் போய் வருவாள். பக்கத்து மேசைக்காரனான எனக்குத் தலை சுற்றும். அவள் தவிப்புக்குக் காரணம் புருஷன். பயணிகள் படகு ஓட்டுகிறவர். மூடுபனிக்குப் பயந்து இரண்டு முறை படகை நிறுத்தச் சொன்னாள். இரண்டு முறையும் வெயில் பளீரென்று அடித்தது. பெண்டாட்டி உத்தரவு வந்தாச்சா என்று படகுத்துறையே அவரைக் கேலி செய்தது. மனிதர் ஒரு வாரம் இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று விடிவதற்கு முன் நான் அறிக்கை எழுதி முடித்திருந்தேன்: கடல் தெளிவு. அகச்சிவப்புப் படம் வெப்பத்தைத்தான் காட்டும். உயரத்தில் இருக்கும் குளிர்ந்த மேகம் அதில் வெள்ளையாகத் தெரியும். என் படத்தில் வெள்ளையே இல்லை. வேலைக்கு வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் எட்டிப் பார்த்தாள். தண்ணீரை ஒட்டிக் கிடக்கும் மூடுபனிக்கும் கடலுக்கும் ஏறக்குறைய ஒரே சூடுதானே, இதில் எப்படித் தெரியும் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருட சர்வீஸில் இப்படிக் கோட்டை விட்டதில்லை.

அலைநீளம் குறைந்த இன்னொரு அகச்சிவப்புப் படம் உண்டு. இருட்டில் அதில் மட்டும் மூடுபனி கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்ததுபோலத் தெரியும். ஒரு படத்தின் சூட்டு அளவிலிருந்து மற்றதைக் கழித்தால் மூடுபனி மாட்டிக்கொள்ளும். கழித்தாள். துறைமுக வாயிலை அடைத்துக்கொண்டு ஒரு திட்டு கிடந்தது.

சூரியன் வரட்டும், சாதாரண ஒளியில் எடுத்த படத்தில் உறுதி செய்யலாம் என்றார் மேலதிகாரி. முதல் படகு அதற்குள் நாற்பது பேருடன் கிளம்பிவிடும். அவள் துறைக்கு ஃபோன் போட்டாள். அங்கே நட்சத்திரம் தெரிகிறதாம். எடுத்தவர் சிரித்துக்கொண்டே புருஷனிடம் கொடுத்தார்.

"பொண்டாட்டியா சொல்லலைங்க. ஆபீஸ்லேர்ந்து சொல்றேன். கயித்த அவுக்காதீங்க."

மறுமுனையில் ஃபோன் வைக்கப்பட்டது. படகைக் கட்டியே வைத்தாரா, கிளம்பினாரா, தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் அலைந்தாள். இந்த முறை நானும் கூடவே நடந்தேன். என் அறிக்கையால் அந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் எந்த முகத்தோடு இவளைப் பார்ப்பேன்?

வெளிச்சம் வந்தபின் ஃபோன் அடித்தது. அவள் ஜன்னலிலிருந்து ஓடி வந்தாள்; நானே எடுத்து அவள் காதில் வைத்தேன். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"கட்டின படகுலதான் நிக்கிறேன். படகோட மூக்கே தெரியல. நீ சாப்ட்டியா?"

இல்லை என்று சொல்லிவிட்டு, அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.