நிலாப் படம் போட்ட பன்னிரண்டு மணி

என் மகளைத் தலைப்பிரசவத்துக்கு மத்திகிரியில் எங்கள் வீட்டுக்குத்தான் அழைத்து வந்திருந்தோம். போனில் குறிப்பு எழுதி வைக்கிற ஆப் ஒன்றைச் செய்யும் சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை. "தப்பு வந்தா சொல்லுப்பா" என்று அதை என் போனிலும் போட்டு வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா வெளியே வந்து, "ஆம்பளப் பையன், மதியம் பன்னெண்டு அஞ்சு" என்றார். அந்த ஆப்பில் 12:05 போட்டு, மதியம் என்பதையும் அழுத்தினேன். 12:05-க்குப் பக்கத்தில் குட்டி நிலா ஒன்று மட்டும் வந்தது. பிள்ளை பிறந்ததற்கு அழகாகப் படம் போடுகிறதே என்று பூரித்து, ஈஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பேரிகை ஊர் ஜோசியருக்கு அனுப்பினேன்.

"ரோகிணி. தாய்மாமனுக்கு ஆகாது. தீட்டு கழிஞ்சு பரிகாரம் பண்ணி, மாமன் முதல்ல எண்ணெயிலதான் பிள்ளை முகம் பார்க்கணும். அதுவரைக்கும் நேர்ல பார்க்கக் கூடாது" என்றார் அவர்.

தாய்மாமன் என் மகன். வெள்ளி அரைஞாணை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தினமும் செகண்ட் ஷிப்டுக்குப் போகும் முன் கேட்டுக்கு வெளியே நிற்பான்.

"மாப்பிள்ளைக்கு மூக்கு யாரு மாதிரி?"

"உன்ன மாதிரி இல்ல, தப்பிச்சான்!" உள்ளேயிருந்து, பிள்ளை பெற்ற அவன் தங்கை கத்துவாள். அவன் சிரிப்பான். எனக்குத்தான் சோறு இறங்காது.

பதினோராம் நாள் மகள் என் போனை வாங்கிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, நிலான்னா ராத்திரி! பட்டப்பகல்ல நான் போட்ட கூச்சல் உனக்குக் கேக்கலியா?"

"மதியம்னுதானே அழுத்துனேன்?"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "மதியம்னா பன்னெண்ட கூட்டுன்னு ஆப்புல எழுதியிருக்கேன். ஒரு மணி பதிமூணாகும், சரி. பன்னெண்டு இருபத்துநாலாகி, நடுராத்திரிக்கே திரும்பிப் போயிடுது!"

"பச்ச ஒடம்புக்காரிக்குப் பொட்டி எதுக்குடீ?" என்று என் மனைவி கத்தக் கத்த, லேப்டாப்பை மடியில் வைத்து ஒரே வரியில் சரிசெய்தாள். என் போனில் நிலா போய்ச் சூரியன் வந்தது. ஜோசியருக்குப் போன் போட்டேன்.

"பகலா? அட, காலையிலேயே ரோகிணி முடிஞ்சிருச்சே. மிருகசீரிஷமுங்க. மாமனுக்கு ஒண்ணுமில்ல."

நான் வாசலுக்கு ஓடினேன். வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

"உள்ள வாடா!"

செருப்பை எங்கே உதறினானோ, அடுத்த நொடி பிள்ளை அவன் கையில் இருந்தது. மூக்கைத்தான் முதலில் பார்த்தான்.

"பொய் சொல்லிட்டா! என் மூக்குதான்!" என்றவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "அப்பா, மாமன் முகம் பார்த்தது மதியம் பன்னெண்டு பத்து. எழுது."

எழுதினேன். சூரியனோடு நின்றது.