எதிரே உட்கார்ந்து கற்ற முத்திரை

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. உறவினர்களும் நண்பர்களும் அறிய, என் நாட்குறிப்பிலிருந்து ஒரு நாளை மட்டும் விரித்து எழுதுகிறேன்.

அண்ணன் இராசிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். தந்தையார் தறியில் இருப்பார். பக்கத்தில் தாயார் இராட்டை சுற்றுவார். எதிரே உட்கார்ந்து நூல் பிரித்துக் கொடுப்பது அண்ணன் வேலை. அவருக்குப் பதினாறு வயதில் தாயார் காலமானார். பிறகு கூத்துக்குழுவில் சேர்ந்து பெண் வேடம் கட்டினார். கெங்கவல்லி, ஜேடர்பாளையம் என்று வெளியூர்களில் ஆடியபோது தந்தையார் தடுக்கவில்லை. உள்ளூர்த் திருவிழாவில் ஆட ஒப்புக்கொண்டபோதுதான் சண்டை வெடித்தது.

"ஆட்டத்துல அம்மாளக் காட்டப் போறேனுங்க," என்றார் அண்ணன்.

"செத்தவளச் சந்தியில நிறுத்தப் போறியா? ஆடுனீன்னா இந்த ஊட்டுப் படி ஏறாத."

திருவிழா அன்று பிற்பகல் தந்தையார் கையில் தடியுடன் கூத்துமேடையின் முன்வரிசைக்கு வந்து நின்றார். "உங்கப்பன் கையப் புடிச்சுக்க சாமி," என்று சித்தப்பா என் காதில் சொன்னார். இடப்புறம் நெருங்கி நின்றேன்.

நாயகியான ராணி கணவனுக்காகக் காத்திருக்கும் கட்டம். அங்கே பூத்தொடுப்பதாக அபிநயிப்பது வழக்கம். அண்ணனோ தரையில் அமர்ந்து இல்லாத இராட்டையைச் சுற்றினார்.

"ஏனுங்க, ராணியம்மா கூலிக்கு நூல் சுத்துதுங்களா?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. தந்தையார் தடியை உயர்த்தப் போனார், அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

இழை அறுந்தது. அண்ணன் விரலை நாவில் தொட்டு, முறுக்கி, இழுத்துப் பார்த்தார். தறி காத்திருக்குமே என்ற கூச்சத்தோடு ஓரக்கண்ணால் பக்கவாட்டில் பார்த்தார். தாயார் அப்படித்தான் பார்ப்பார். சிரிப்பு நின்றது.

தந்தையார் என் கையை உதறிவிட்டு மேடைக்கு நடந்தார். மத்தளம் ஓய்ந்தது. அண்ணன் எழவில்லை, தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

"கை மாறிப்போச்சு சாமி," என்றார் தந்தையார். "அவ சோத்தாங்கையிலதான் சுத்துவா. நொட்டாங்கையில இழை. நீ எதுக்க உக்காந்து பாத்தவன். நான் பக்கத்துல இருந்தவன். மறுக்காச் சுத்து."

அண்ணன் இடக்கையில் இழை பிடித்து, வலக்கைக்கு மாற்றிச் சுற்றினார். முடியும்வரை தந்தையார் அங்கேயே நின்று பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்தே வீடு வந்தார்கள்.

கடைசி மூன்று மாதம் அண்ணனுக்கு வலக்கை விழுந்து, பேச்சும் போயிற்று. அப்போது மருந்து தந்த வைத்தியர் ஐயாவுக்கும், முறைவைத்து வந்து தூக்கி உட்காரவைத்த குழுவினருக்கும், கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. மாலைகளில் அவர் இடக்கை தானாக எழுந்து இழை பிடிக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத இராட்டையை என் வலக்கையால் சுற்றுவேன்.